சென்னைக்கும் மதுரைக்கும் இடையே: வான்வழியும் தரைவழியும்

ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊர் எத்துணைத் தொலைவு என்று ஒருவர் வினவுவாராயின், அவ்வினாவிற்கு விடை ஒன்றே என எண்ணுதல் உலக வழக்கம். ஆயின், சிறிது ஆழ்ந்து நோக்குவார்க்கு அவ்வொரு வினாவினுள்ளே மூன்று வினாக்கள் அடங்கியிருத்தல் புலனாகும். நிலவுலகின்மேல் இரண்டு ஊர்களையும் நேரே இணைத்து அளக்குமிடத்துக் கிடைப்பது ஒரு தொலைவு. மக்கள் அமைத்த சாலையின் வழியே செல்லுமிடத்துக் கடக்க வேண்டுவது மற்றொரு தொலைவு. தன் வீட்டு வாயிலை விட்டுப் புறப்பட்ட ஒருவன் தான் கருதிய வாயிலைச் சென்று சேரும் வரையிற் கழியும் காலம் பிறிதொன்று. முதலிரண்டும் நிலத்தைச் சார்ந்தவை. மூன்றாவதோ பிரயாணியையும், அவன் புறப்படும் இடத்தையும், ஏறும் ஊர்தியையும் சார்ந்தது.

“மதுரைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி, மோட்டாரில் ஏழெட்டு மணி” என்று யாவரும் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றிற் பொய் யாதும் இல்லை. எனினும், முழு உண்மையும் இல்லை. எஞ்சிய பகுதி யாதென்பதை எளிய கணக்குக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உயர்நிலைப் பள்ளியிற் கற்ற கணிதமே இதற்குப் போதும்.

1. நேர்த்தொலைவு

முதற்கண், இவ்விரு நகரங்களின் இருப்பிடத்தை அறிதல் வேண்டும். சென்னை வட அட்சம் 13 பாகை 5 கலையிலும், கீழ்த் தீர்க்கம் 80 பாகை 16 கலையிலும் உள்ளது. மதுரை வட அட்சம் 9 பாகை 55 கலையிலும், கீழ்த் தீர்க்கம் 78 பாகை 7 கலையிலும் உள்ளது. அட்ச வேறுபாடு 3 பாகை 10 கலை. தீர்க்க வேறுபாடு 2 பாகை 9 கலை.

அட்சத்தில் ஒரு பாகை என்பது தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே, மதுரை சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 351 கிலோமீட்டர் தள்ளியுள்ளது. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவன. ஆதலின் தீர்க்கத்தில் ஒரு பாகையின் அளவு இடத்திற்கிடம் குறையும். நம் நாட்டின் அட்சத்தில் அது ஏறத்தாழ 109 கிலோமீட்டர். எனவே, மதுரை சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 234 கிலோமீட்டர் தள்ளியுள்ளது. இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். நாம் வேண்டுவது அதன் கர்ணம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலங் கண்டால் 422 கிலோமீட்டர், அதாவது 262 மைல், கிடைக்கும். பூமி உருண்டையாயினும், இத்துணைச் சிறு தொலைவிற்குத் தட்டை நிலத்துக் கணக்கே போதுமான அளவு பொருந்திவிடுகின்றது.

இக்கணக்கை நாம் மேசை முன் அமர்ந்து சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றோம். இதற்கு அடிப்படையான அளவைகளோ அத்துணை எளிதில் வந்தனவல்ல. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலையின் அருகே, ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். வெப்பத்தாற் சங்கிலி நீளுதலையும் கணக்கில் எடுத்து, அவ்வொரு கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் சென்றன. அக்கோட்டினின்றும் முக்கோணங்களை விரித்துச் சென்றே பின்னர் இத்தேசம் முழுவதும் அளக்கப்பட்டது. இன்று அப்பரங்கிமலைக்கு அண்மையிலேயே சென்னை விமான நிலையம் அமைந்துள்ளது. அங்கிருந்து எழும் ஜெட் விமானம் முழு வேகம் எய்திய பின், லாம்டன் 57 நாட்களில் அளந்த அத்தொலைவை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகின்றது.

2. சாலைத் தொலைவு

சென்னையினின்றும் மதுரைக்குச் சாலைத் தொலைவு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். நேர்த்தொலைவினும் இது 38 கிலோமீட்டரே மிகுதி. அதாவது நூற்றுக்கு ஒன்பது விழுக்காடு. சாலை இவ்வளவு நேராக அமைந்ததற்குக் காரணம் என்னை? நிலப்படத்தில் இவ்விரு நகரங்களின்மேலும் ஓர் அளவுகோலை வைத்து நோக்குக. திண்டிவனம் அக்கோட்டிற்கு மிக அண்மையில் உள்ளது. விழுப்புரமும் திருச்சிராப்பள்ளியும் ஏறத்தாழ அக்கோட்டின்மேலேயே அமைந்துள்ளன. இடையே சாலையை நெடுந்தூரம் சுற்றவைக்கும் பெருமலை யாதும் இல்லை. பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி ஆகிய ஆறுகள் குறுக்கிடினும் பாலங்கள் உள. ஆகவே, செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, திருச்சிராப்பள்ளி, விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்னும் ஊர்களின் வழியே சாலை பெரும்பாலும் நேரே செல்கின்றது.

நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடப்பவனுக்கு இச்சாலை பதினெட்டு நாள் வழியாகும். இன்று நான்கு வழித்தடமாக விரிந்துள்ள இச்சாலையில், சுங்கச் சாவடிகளையும், உணவிற்கு நிற்கும் நேரத்தையும், ஊர்ப்புறங்களில் நேரும் நெரிசலையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் செல்லலாம் எனக் கொள்ளுதல் பொருந்தும். இவ்வேகம் நம் கணக்கிற்கும் உதவுவது. ஏனெனில், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமே ஆகும்.

3. விமானம் பறக்கும் காலம்

சென்னை விமான நிலையத்தினின்றும் மதுரை விமான நிலையம் நேரே ஏறத்தாழ 420 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் முழு வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வேகத்தில் அரைமணிக்குள் மதுரையை அடைந்துவிடலாம் அன்றோ? கால அட்டவணையோ ஒன்றேகால் மணி அளவு குறிக்கின்றது. இதன் காரணம் அறியத்தக்கது.

விமானம் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காய் அமைந்தது. கீழ்க்காற்று வீசும்போது, தென்மேற்கிலுள்ள மதுரைக்குச் செல்ல வேண்டிய விமானம் முதலிற் கடலை நோக்கிக் கிழக்கே எழுந்து, பின்னரே திரும்புகின்றது. மதுரையின் ஓடுபாதையும் கிழக்கு மேற்காகவே உள்ளது. வடக்கினின்றும் வரும் விமானம் வளைந்து வந்தே அதனோடு நேர்ப்படும். மேலும், இக்குறுந்தொலைவில் விமானம் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பறத்தலின் பெரும்பகுதி செல்கின்றது; முழு வேகத்தில் நேரே செல்லும் காலம் சிறிது. நிலையத்தில் நின்ற இடத்தினின்றும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், தன் முறை வருமளவும் காத்து நிற்பதற்கும் ஆகும் நிமிடங்களும் அட்டவணையில் அடங்கும்.

4. பிரயாணியின் காலம்

இனி, விமானத்தின் காலத்தை விடுத்துப் பிரயாணியின் காலத்தைக் கணிப்போம். சென்னைக் கோட்டையின் அருகே வாழும் ஒருவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலருகே உள்ள ஒரு வீட்டிற்குச் செல்வதாகக் கொள்க. கோட்டையினின்றும் மீனம்பாக்கம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நகர நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும். பொதி ஒப்படைத்தல், பாதுகாப்புச் சோதனை, காத்திருத்தல் ஆகியவற்றிற்கு ஒன்றரை மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. இறங்கிப் பொதி பெற்று வெளிவர அரைமணி. மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ளது. அதற்கு 35 நிமிடம். கூட்டினால் 4 மணி 50 நிமிடம், அதாவது 290 நிமிடம்.

சாலையிற் செல்பவரும் மீனம்பாக்கத்தைக் கடந்தே செல்ல வேண்டும், ஏனெனில், ஜி.எஸ்.டி. சாலை விமான நிலையத்தின் வாயிலை ஒட்டியே செல்கின்றது. ஆகவே, அவருக்கும் முதற்கண் ஒரு மணி. பின்னர் எஞ்சிய 440 கிலோமீட்டருக்கு 440 நிமிடம். ஆக 8 மணி 20 நிமிடம்.

இவ்விரண்டையும் ஒப்பிடுக. அட்டவணையை மட்டும் நோக்குவோர் விமானத்தால் ஏறத்தாழ ஏழு மணி மிச்சம் என்பர். உண்மையான மிச்சம் மூன்றரை மணியே. விமானப் பிரயாணம் எனப்படும் 290 நிமிடத்தில், விமானத்தினுள் கழியும் காலம் 75 நிமிடம். நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. எஞ்சியவை யாவும் தரையிற் கழிந்தனவே.

டில்லிக்குச் செல்வாரது நிலை வேறு. சென்னையினின்றும் டில்லிக்கு விமானத்தில் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம். தரையிற் கழியும் காலம் நான்கு மணி என்று கொண்டாலும், மொத்தம் ஏழு மணிக்குள் முடியும். சாலையிலோ ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இடைவிடாது ஓட்டினும் ஒன்றரை நாள் ஆகும். காத்திருக்கும் காலம் தொலைவோடு வளர்வதன்று; அது ஏறத்தாழ நிலையானது. ஆதலின், தொலைவு மிக மிக விமானத்தின் பயன் மிகும். தொலைவு குறையக் குறையக் காத்திருத்தலே அப்பயனை விழுங்கிவிடும்.

5. இரண்டும் ஒத்து நிற்கும் இடம்

அங்ஙனமாயின், சென்னைக்குத் தெற்கே எவ்வூர் வரையில் உள்ளார்க்கு மதுரை செல்ல விமானம் விரைவானது? இவ்வினாவிற்குப் பீஜகணிதம் விடை தரும்.

மீனம்பாக்கத்திற்குத் தெற்கே, அதே சாலையில், x கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் வாழ்வதாகக் கொள்வோம். அவர் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் 440 – x நிமிடத்தில் மதுரை சேர்வார். விமானத்தில் செல்ல விரும்பினால், முதலில் x நிமிடம் வடக்கே திரும்பி வந்து, அதன்பின் 230 நிமிடம் செலவிடல் வேண்டும். இரண்டும் சமமாகுமிடத்து,

440 – x = x + 230.

ஆகவே, x = 105.

மீனம்பாக்கத்திற்குத் தெற்கே 105 கிலோமீட்டர், அதாவது சென்னையினின்றும் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். அவ்விடம் திண்டிவனத்தை அடுத்தது. ஆகவே, திண்டிவனத்தார்க்கு வானும் தரையும் ஒன்றே. செங்கற்பட்டில் உள்ளவர்க்கு விமானத்தால் ஏறத்தாழ இரண்டேகால் மணி மிச்சம். விழுப்புரத்தில் உள்ளவரோ, விமானத்தை நாடி வடக்கே வருவாராயின், சாலையிற் செல்பவரினும் ஒரு மணிக்கு மேல் பிந்தியே மதுரை சேர்வார். பறப்பவன் விரைவில் சேர்வான் என்னும் பொதுவிதி விழுப்புரத்திற் பொய்த்துவிடுகின்றது.

சேருமிடம் மாறினும் எல்லை மாறும். மதுரைக்கு 30 கிலோமீட்டர் முன்னதாக, சாலையின்மேலேயே உள்ள மேலூருக்குச் செல்பவரை எண்ணுக. அவருக்குச் சாலை 30 நிமிடம் குறைகின்றது. விமானமோ அவரை மதுரைக்குத் தெற்கே கொண்டு போய் இறக்குவதால், 20 நிமிடம் கூடுகின்றது. கணக்கிட்டால் x = 80; எல்லை திண்டிவனத்தினின்றும் 25 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிடும்.

காத்திருத்தல் அரைமணி குறைந்தால் எல்லை 15 கிலோமீட்டர் தெற்கே செல்லும். சாலையின் சராசரி வேகம் 60-இலிருந்து 80 ஆக உயர்ந்தால், எல்லை மதுராந்தகத்திற்கும் மேல்மருவத்தூருக்கும் இடையே வந்து நிற்கும். இக்கடைசிக் கணக்கை மாணவர் தாமே செய்து பார்ப்பாராக.

6. புகைவண்டியும் இரவுப் பேருந்தும்

புகைவண்டியையும் ஒரு சொல்லாற் குறித்தல் முறை. எழும்பூரினின்றும் மதுரைக்கு இருப்புப்பாதை 490 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது, சாலையினும் நீண்டது. எனினும், 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஓடத் தொடங்கிய வைகை விரைவு வண்டி, அதனைப் பகற்பொழுதிற்குள் அடக்கிக் காட்டிற்று. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தொடங்கப்பெற்ற தேஜஸ் வண்டி ஏறத்தாழ ஆறரை மணியிற் சென்றது. புகைவண்டியின் ஏற்றம் அதன் வேகத்தில் மட்டும் இல்லை. இரு முனையிலும் அது நகரத்தின் நடுவிலேயே நிற்கின்றது என்பதிலும் உள்ளது.

பேருந்தோ இதற்கு மாறான பாடத்தைக் கற்பிக்கின்றது. முன்பு நகரின் நடுவே பிராட்வேயில் இருந்த வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002-இல் கோயம்பேட்டிற்கும், தென் மாவட்டப் பேருந்துகளின் நிலையம் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கத்திற்கும் சென்றன. நிலையம் தெற்கே நகர நகர, பேருந்து ஓடும் காலம் அட்டவணையிற் குறைந்தது. ஆயின், வடசென்னையில் வாழும் தொழிலாளி மதுரை செல்ல எடுக்கும் காலம் அதனாற் குறைந்துவிடவில்லை. பேருந்து கடந்த தொலைவை இப்பொழுது அவர் வேறு வண்டியில் கடக்கின்றார்.

எனினும், இரவுப் பேருந்தில் ஏறுவார்க்குத் தனிப்பட்ட ஒரு கணக்கு உண்டு. இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு விடியலில் மதுரை சேர்பவர் எட்டொன்பது மணி நேரம் செலவிட்டார் என்பது மெய்யே. அவர் ஒரு நாட் கூலியையும் இழக்கவில்லை என்பதும் மெய்யே. பகலில் விமானம் ஏறுபவர் ஐந்து மணி நேரமே செலவிடினும், அவ்வைந்தும் வேலைப் பொழுதினின்றும் எடுத்தனவாகும். அன்றாடக் கூலியால் வாழ்பவருக்குப் பகலின் ஐந்து மணி பெரிது; இரவின் ஒன்பது மணி சிறிது. உறக்கத்தைக் கொடுத்தே அதனை வாங்குகின்றார் என்பதையும் மறத்தலாகாது.

சொந்த வண்டியில் இரவில் விரைந்து செல்லும் இளைஞர்க்கும் ஒரு கணக்கு உண்டு. 440 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஐந்தரை மணி. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 4 மணி 24 நிமிடம். மிச்சம் 66 நிமிடம். ஆயின், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். அதாவது, 64-க்கு 100 என்னும் விகிதத்தில் பாதிக்கு மேல் நீளும். தேநீர்க் கடையில் இருமுறை நின்றால் செலவாகிவிடும் ஒரு மணிக்காக, குறுக்கே வரும் கால்நடையின் முன்னும் நிற்கும் லாரியின் பின்னும் அத்தூரத்தை இழத்தல் அறிவுடைமை ஆகாது.

7. நான்கு மணியின் எல்லை

இதுகாறும் கூறியது வெறுங் கணக்கு விளையாட்டன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கி முடிப்போம். மூளைச் சாவு எய்தியவரின் உறுப்புகளைப் பிறர்க்குப் பொருத்தும் திட்டம் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஓர் உடலினின்றும் எடுத்த இருதயம், குளிரூட்டிய பெட்டியில் வைப்பினும், ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் மற்றோர் உடலில் இயங்கத் தொடங்குதல் வேண்டும் என்பது மருத்துவர் பொதுவாகக் கொள்ளும் எல்லை.

மதுரையில் ஒருவர் ஈந்த இருதயம் சென்னையில் ஒருவருக்கு வேண்டப்படுவதாகக் கொள்க. சாலை வழி எட்டு மணி, பயனில்லை. சாதாரணப் பிரயாணி செல்லும் முறையில் விமான வழி 4 மணி 50 நிமிடம், அதுவும் பயனில்லை. விமானம் எத்துணை விரைவினதாயினும் அவ்வுயிர் பிழைக்க வழியில்லை. ஆயின், காத்திருக்கும் ஒன்றரை மணியை நீக்குக. பொதி பெறும் அரைமணியை நீக்குக. காவலர் சாலைச் சந்திகளில் வழிவிடுவித்து, இரு நகரங்களிலும் ஆம்புலன்ஸ் வண்டி தடையின்றிச் செல்லச் செய்க. எஞ்சுவது பறக்கும் 75 நிமிடமும், இரு முனையிலும் சாலையிற் செல்லும் முக்கால் மணி அளவுமே. இரண்டு மணியில் இருதயம் சென்னை மருத்துவமனையில் இருக்கும். அறுவை மருத்துவர்க்கு இன்னும் இரண்டு மணி எஞ்சும்.

இங்கே விமானத்தின் வேகம் ஓர் அணுவும் கூடவில்லை. மதுரை ஓர் அடியேனும் சென்னையை நெருங்கவில்லை. மாறியது மக்களின் ஏற்பாடு ஒன்றே. தொலைவு நிலத்தினுடையது, அதனை நாம் குறைத்தல் இயலாது. வேகம் பொறியினுடையது, அதனைக் கூட்டுதல் சிலர்க்கே இயலும். காத்திருத்தலோ மனிதருடையது, அதனைக் குறைத்தல் நம் அனைவர் கையிலும் உள்ளது. சந்தியில் ஆம்புலன்ஸ் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடும் ஒருவரும் சென்னைக்கும் மதுரைக்கும் இடையிலுள்ள காலத்தைக் குறைப்பவரே ஆவார்.

ஆகவே, மாணவ நண்பர்காள், ஓர் ஊர் எத்துணைத் தொலைவு என்று கேட்கப்படின், எவ்வாயிலினின்றும் எவ்வாயில் வரை, எவர்க்கு, எப்பொழுது என்று திருப்பிக் கேட்டு, அதன்பின் விடை கூறுக. விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்லுமுன், மேற்காட்டிய சமன்பாட்டில் தத்தம் ஊரின் எண்களை இட்டுத் தத்தம் திண்டிவனம் எதுவெனக் கண்டறிவீர்களாக.